புளிப்பைப் பளிங்காக்கியவர்
கார்ல் வில்ஹெல்ம் ஷீலே (1742 – 1786)

சொதிக்குத் தேசிக்காய்ப் புளி, கூழுக்குப் பழப்புளி என்பது எமது சமையலறைகளில் எழுதாச் சட்டம். இரண்டும் புளிப்பே ஆயினும் ஒன்றின் இடத்தில் மற்றையது இருந்தால் சுவை கெட்டுவிடும். நாவுக்குத் தெரிந்த இந்த வேறுபாட்டைப் பொருளாகப் பிரித்தெடுத்து, தாளில் வைத்து, இது வேறு, அது வேறு என்று காட்டுவதற்கு உலகம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் செய்து காட்டியவர் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்லர். மருந்துக்கடையிலே சம்பளத்துக்கு வேலைசெய்த ஓர் உதவியாளர். அவரே கார்ல் வில்ஹெல்ம் ஷீலே.

மாணவர்கள் இவரது பெயரைப் பெரும்பாலும் ஒட்சிசன் பற்றிய பாடத்தில் ஒரு வரியில் சந்தித்திருப்பர். அந்த ஒரு வரியும் பிறீஸ்லியின் பெயருக்குப் பின்னாலேயே வரும். ஏன் அவ்வாறு நேர்ந்தது என்பதையும், பழ அமிலங்களை அவர் எவ்வாறு கைப்பற்றினார் என்பதையும் இங்கு நோக்குவோம்.

இளமை

ஷீலே 1742 டிசெம்பரில் போல்ற்றிக் கடலோரத்து ஸ்ற்றால்சுண்ட் நகரிலே பிறந்தார். இன்று யேர்மனியிலுள்ள இந்நகரம் அக்காலத்தில் சுவீடன் அரசின் கீழ் இருந்தது. வீட்டு மொழி யேர்மன். பதினொரு பிள்ளைகளில் இவர் ஏழாமவர். வணிகரான தந்தை, இவர் சிறுவயதினராக இருக்கும்போதே வணிகத்தில் நொடிந்து போனார். ஆகவே உயர்கல்வி என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. 14 வயதில், 1757 ஆம் ஆண்டு, சுவீடனின் கோதன்பேர்க் நகரில் பௌச் என்பவரின் மருந்துக்கடையில் தொழில் பயில அனுப்பப்பட்டார்.

அக்கால மருந்துக்கடையை இன்றைய 'பாமசி' போல எண்ணிவிடக் கூடாது. இன்று பெட்டியில் வரும் மாத்திரையை எண்ணிக் கொடுக்கின்றனர். அன்று வேரை இடிப்பதும், உப்பைக் கரைத்து வடிப்பதும், காய்ச்சி ஆவியாக்கி மீண்டும் ஒடுக்குவதும் கடைக்காரரின் வேலை. வாலையும் உலையும் தராசும் அங்கேயே இருந்தன. அதாவது கடையே ஆய்வுகூடம். பகலிலே மருந்து தயாரித்த சிறுவன், இரவிலே கடையிலிருந்த இரசாயன நூல்களைப் படித்து, அவற்றில் கூறப்பட்டவற்றைத் தானே செய்து பார்த்தான். நூலில் எழுதியிருக்கிறது என்பதற்காக எதையும் ஏற்றுக்கொள்ளாமல் கையால் செய்து பார்க்கும் இப்பழக்கம் எட்டு ஆண்டுகளில் நன்கு ஊறியது.

1765 இல் அக்கடை கைமாறவே ஷீலே மல்மோ நகருக்குச் சென்றார். பின்னர் 1768 இல் ஸ்ரொக்ஹோம், 1770 இல் உப்சாலா, 1775 இல் கோப்பிங் என ஊர்கள் மாறின. ஆனால் எல்லா ஊரிலும் ஒரே தொழில்.

பழங்களின் புளிப்பு

மல்மோவில் ரெட்சியஸ் என்னும் இளம் அறிஞர் இவருக்கு நண்பரானார். ஷீலேயின் முதலாவது பெரிய வெற்றி இவருடனான தொடர்பிலேயே வெளியுலகுக்குத் தெரிய வந்தது.

முந்திரிகைச் சாற்றைப் புளிக்கவைத்து மது செய்யும் பீப்பாய்களின் உட்புறத்தில் கல்போன்ற ஒரு படிவு ஒட்டிக்கொள்ளும். அதைச் சுத்தமாக்கினால் வெண்ணிற உப்பு கிடைக்கும். இது பொற்றாசியத்தின் ஓர் அமில உப்பு என்பது இன்று எமக்குத் தெரியும். மருந்துக்கடைகளில் இது பேதி மருந்தாக விற்கப்பட்டது. இதற்குள் ஓர் அமிலம் மறைந்திருக்கிறது என்ற ஐயம் பலருக்கு இருந்தது. ஆனால் வெளியே எடுக்க முடியவில்லை. காரணம், அக்காலத்தவர் தாவரப் பொருள் எதைக் கண்டாலும் வாலையிலிட்டுக் கடுமையாகச் சூடாக்கினர். பழ அமிலங்கள் அந்தச் சூட்டைத் தாங்கமாட்டா. அவை சிதைந்து புகையும் கரியுமாகிவிடும். தேடிய பொருளைத் தேடும் முறையே அழித்துக்கொண்டிருந்தது.

ஷீலே நெருப்பை விட்டுவிட்டு நீரைப் பிடித்தார். அந்த உப்பை வெந்நீரில் கரைத்து வெண்கட்டித்தூளை, அதாவது கல்சியம் காபனேற்றைச் சிறிது சிறிதாக இட்டார். காபனீரொட்சைட்டு நுரைத்து வெளியேற, அமிலம் கல்சியத்துடன் சேர்ந்து கரையாத வெண்ணிற வீழ்படிவாக அடியில் தங்கியது. இதுவே கல்சியம் தாத்தரேற்று. இதை வடித்துக் கழுவி, ஐதான சல்பூரிக்கமிலம் சேர்த்தார். சல்பூரிக்கமிலம் வலிமையானது. அது கல்சியத்தைத் தன்பக்கம் இழுத்துக் கரையாத கல்சியம் சல்பேற்றாகப் படிந்துவிட, தாத்தாரிக்கமிலம் தனியே கரைசலில் நின்றது. வடித்து, மெல்ல ஆவியாக்கி, குளிரவிட்டபோது பளிங்குகள் தோன்றின. இது நடந்தது 1769 ஆம் ஆண்டளவில். 1770 இல் இதனைக் கட்டுரையாக எழுதி வெளியிட்டவர் ரெட்சியஸ். வேலை ஷீலேயினுடையது என்பதை அவர் மறைக்கவில்லை.

(வகுப்பறையில் நாம் எழுதும் வெண்கட்டி பெரும்பாலும் கல்சியம் சல்பேற்றினால் செய்யப்படுவது. அதை இட்டால் நுரைக்காது. இங்கு கூறப்படுவது இயற்கையான சுண்ணாம்புக்கல் வகை. செய்முறை வினாக்களில் இவ்வேறுபாட்டைக் கவனிக்க.)

இம்முறையின் உட்பொருளைச் சுருங்கச் சொன்னால், அமிலத்தைப் பிடிப்பதற்கு அதனைக் கல்சியத்திடம் ஒப்படைத்தல், பிறகு வலிய ஓர் அமிலத்தைக் கொண்டு அதை விடுவித்தல். கலைப்பிரிவில் படித்த எனக்கு இரசாயனத்தில் பிடித்த இடங்களுள் இது ஒன்று. ஒரு கணக்கும் இல்லாமலே விளங்கிவிடுகிறது.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், 1784 இல், கோப்பிங்கில் அதே முறையை எலுமிச்சை இனப் பழச்சாற்றில் கையாண்டார். தேசிக்காய்ச் சாற்றை வெறுமனே காய்ச்சி வற்றவைத்தால் பளிங்கு வராது என்பதை யாரும் வீட்டிலே செய்து பார்க்கலாம். சாற்றிலுள்ள வெல்லமும் பசைப்பொருளும் சேர்ந்து பாகுபோன்ற கபிலநிறக் குழம்பே மிஞ்சும். ஷீலே சாற்றைச் சூடாக்கி, நுரைப்பது நிற்கும்வரை வெண்கட்டித்தூள் சேர்த்தார். இங்கே சூடு தேவை. ஏனெனில் கல்சியம் சித்திரேற்று பெரும்பாலான உப்புகளுக்கு மாறாக, வெந்நீரிலே தண்ணீரைவிடக் குறைவாகக் கரையும். படிந்த வெண்தூளை நிறம் போகுமட்டும் கழுவினார். வெல்லமும் பசையும் கழுவுநீருடன் போயின. பின்னர் சல்பூரிக்கமிலம், வடித்தல், ஆவியாக்கல், குளிரவிடல். நிறமற்ற, மணமற்ற, கடும் புளிப்பான பளிங்குகள் கிடைத்தன. இதுவே சித்திரிக்கமிலம். ஒரு மூலக்கூற்றில் 6 காபன், 8 ஐதரசன், 7 ஒட்சிசன் அணுக்கள் உள்ளன என்ற விபரமெல்லாம் பிற்காலத்தது. தேசிச்சாற்றில் நூற்றுக்கு 5 முதல் 6 பங்கு வரை இவ்வமிலம் உண்டு.

அடுத்த ஆண்டு அப்பிள் பழத்தை எடுத்தார். வெண்கட்டித்தூள் இம்முறை கைகொடுக்கவில்லை. புளிப்புப் போய்விட்டது, ஆனால் வீழ்படிவு வரவில்லை. இன்னொருவராயின் முயற்சி தோற்றது என விட்டிருப்பார். வீழ்படிவு வராததே இது சித்திரிக்கமிலம் அன்று என்பதற்குச் சான்று என ஷீலே கண்டார். கல்சியத்துக்குப் பதிலாக ஈயத்தின் உப்பைக் கொண்டு அதனைப் பிடித்தார். இப் புதிய அமிலத்துக்கு, அப்பிளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக்கொண்டு மலிக்கமிலம் என்ற பெயர் 1787 இல் சூட்டப்பட்டது. பின்னர் கைக்குக் கிடைத்த பழங்களையெல்லாம் இவ்விரு முறைகளாலும் சோதித்து, எதில் சித்திரிக்கமிலம், எதில் மலிக்கமிலம், எதில் இரண்டும் என வகுத்தார்.

அவர் கண்டிராத எமது பழங்களையும் இவ்வாறே வகுக்கலாம். தேசி, தோடை, நாரத்தை ஆகியன சித்திரிக்கமிலப் பழங்கள். பழப்புளி தாத்தாரிக்கமிலத்தின் களஞ்சியம். யாழ்ப்பாணத்து முந்திரிகையில் தாத்தாரிக்கமிலமும் மலிக்கமிலமும் சேர்ந்திருக்கும். மாங்காயில் சித்திரிக்கும் மலிக்கும். மீன்கறிக்குத் தென்னிலங்கையில் இடும் கொறுக்காய்ப்புளியில் சித்திரிக்கமிலத்தின் உறவினரான ஐதரொட்சிச் சித்திரிக்கமிலம் இருக்கிறது. ஆக, சொதியையும் கூழையும் பிரித்த எமது முன்னோரின் நாக்கு பிழையாகச் சொல்லவில்லை.

புளித்த பாலிலிருந்து இலற்றிக்கமிலம் (1780), ஒலிவ் எண்ணெயிலிருந்து கிளிசரோல் (1783) ஆகியவற்றையும் ஷீலே பிரித்தெடுத்தார். ஒட்சாலிக்கமிலம், யூரிக்கமிலம், கலிக்கமிலம் ஆகியவற்றின் வரலாற்றிலும் இவரது பெயர் உண்டு.

முந்தியும் பிந்தியவர்

இனி ஒட்சிசன். உப்சாலாவில் பேராசிரியர் பேர்க்மன், கான் ஆகிய இருவரின் நட்பு ஷீலேக்குக் கிடைத்தது. அங்கு 1771, 1772 ஆம் ஆண்டுகளில் வெடியுப்பு, இரசத்தின் ஒட்சைட்டு, மங்கனீசுக் கனிமம் எனப் பல பொருள்களைச் சூடாக்கி, வரும் வாயுவை விலங்கின் நீர்ப்பையிலே சேகரித்தார். அவ்வாயுவில் மெழுகுதிரி கண்கூசப் பிரகாசித்தது. அதற்கு நெருப்பு வளி எனப் பெயரிட்டார்.

இதைப்பற்றிய நூலின் கைப்பிரதி 1775 இன் இறுதியில் அச்சகத்துக்குப் போயிற்று. ஆனால் அச்சிடுவதில் தாமதம், முன்னுரை எழுதுவதில் தாமதம். நூல் 1777 இலேயே வெளிவந்தது. இதற்கிடையில் இங்கிலாந்தில் யோசப் பிறீஸ்லி 1774 ஓகஸ்டில் அதே வாயுவைப் பெற்று, விரைவாக உலகுக்கு அறிவித்துவிட்டார். ஷீலே 1774 செப்டெம்பரில் பாரிசிலிருந்த இலவோசியருக்குக் கடிதம் எழுதி, அவ்வாயுவைப் பெறும் வழியொன்றைக் கூறியிருந்தார். பதில் வந்ததற்குச் சான்று இல்லை. கடிதம் நெடுங்காலத்துக்குப் பின் கண்டெடுக்கப்பட்டது. 1892 இல் ஷீலேயின் குறிப்பேடுகளும் கடிதங்களும் ஆராய்ந்து வெளியிடப்பட்ட பின்னரே அவரே முதலில் கண்டவர் என்பது உறுதியாயிற்று. அப்போது அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

இதிலே யாரையும் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. பிறீஸ்லி தன் முயற்சியாலேயே கண்டார். அவ்வாயு என்ன செய்கிறது என்பதைச் சரியாக விளக்கியவர் இலவோசியர். ஷீலே இறுதிவரை புளோஜிஸ்தன் என்ற பழைய கொள்கையையே நம்பினார். இலவோசியரும் எல்லா அமிலங்களையும் ஆக்குவது இவ்வாயுவே எனத் தவறாகக் கருதி, அமிலத்தைப் பிறப்பிப்பது என்ற பொருளில் அதற்கு ஒட்சிசன் எனப் பெயரிட்டார். ஐதரோக்குளோரிக்கமிலத்தில் ஒட்சிசனே இல்லை. வேடிக்கை என்னவெனில், அந்த அமிலத்தை மங்கனீசுக் கனிமத்துடன் சேர்த்து 1774 இல் குளோரீனை முதலிற் பெற்றவரும் ஷீலேயே. அது ஒரு மூலகம் என 1810 இல் நிறுவியவர் டேவி. பரீட்சையில் கண்டுபிடித்தவர் யார் எனக் கேட்டால், கண்டவர், அறிவித்தவர், விளக்கியவர் என மூவகையினர் உண்டு என்பதை மனதிற்கொண்டு வினாவை வாசிக்க.

ஷீலே பெரும்பாலும் யேர்மன் மொழியிலேயே எழுதினார். சுவீடன் விஞ்ஞானக் கழகம் அவற்றைச் சுவீடிய மொழிக்கு மாற்றி வெளியிட்டது. வாழும் நாட்டின் மொழி வேறு, சிந்திக்கும் மொழி வேறு. தாய்மொழி மூலம் கற்கும் எமது மாணவர்க்கு இது புதிதன்று. மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் கிறீன் அவர்களின் முயற்சியால் கெமிஸ்தம் என்ற இரசாயன நூல் 1875 இல் தமிழில் வெளிவந்ததையும் இங்கு நினைவுகூரலாம்.

கோப்பிங்

1775 பெப்ரவரியில் சுவீடன் அரச விஞ்ஞானக் கழகம் ஷீலேயை உறுப்பினராகத் தெரிவுசெய்தது. பிரபுக்களும் பேராசிரியர்களும் இருந்த சபையில் ஒரு மருந்துக்கடை உதவியாளருக்கு இடம்! அதே ஆண்டில் கோப்பிங் என்னும் சிற்றூரில், உரிமையாளர் இறந்துபோன ஒரு மருந்துக்கடையைப் பொறுப்பேற்றார். கடை அவரின் இளம் விதவைக்கு உரியது. அதனைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சில காலம் எடுத்தது. வெளியிலிருந்து வந்த பெரிய பதவிகளுக்கான அழைப்புகளை ஷீலே ஏற்கவில்லை. கடையும் உலையும் போதுமென இருந்துவிட்டார்.

அவரது பழக்கங்களுள் ஒன்றை மட்டும் மாணவர்கள் எக்காரணம் கொண்டும் பின்பற்றக் கூடாது. ஆக்கிய பொருளை நாவிலிட்டுச் சுவைத்துக் குறிப்பெழுதுவார். சித்திரிக்கமிலத்தைச் சுவைக்கலாம். அவர் கொடிய நஞ்சான ஐதரசன் சயனைட்டையும் விட்டுவைக்கவில்லை. ஆசனிக்கு, இரசம் ஆகியவற்றுடனும் வாழ்நாளெல்லாம் புழங்கினார். மூட்டுநோய் தொடங்கிச் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டது. 1786 மே 21 இல் 43 ஆவது வயதில் காலமானார். நஞ்சுகளே காரணம் எனப் பலர் எழுதுவர். அது ஊகம், ஆனால் நியாயமான ஊகம். இறப்பதற்கு ஓரிரு நாள்களுக்கு முன், படுக்கையிலிருந்தபடியே அந்த விதவைப் பெண்ணைத் திருமணஞ் செய்தார். கடை மீண்டும் அவருக்கே உரிமையாக வேண்டும் என்பதே நோக்கம்.

பளிங்கு போன பாதை

சித்திரிக்கமிலம் தொழிலாக மாறியது ஷீலேயின் மறைவுக்கு 40 ஆண்டுகளின் பின். 1826 அளவில் இங்கிலாந்தில் ஸ்ரேர்ஜ் சகோதரர்கள், இத்தாலியிலிருந்து தருவிக்கப்பட்ட பழச்சாற்றுப் பொருளிலிருந்து இதனை உற்பத்தி செய்யத் தொடங்கினர். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இத்தாலியின் எலுமிச்சைத் தோட்டங்களே உலகுக்குப் புளிப்பு வழங்கின.

இன்று இதன் பயன்கள் பல. மென்பானம், இனிப்பு, பழப்பாகு ஆகியவற்றில் சுவைக்காக இடப்படுகிறது. சுட்டுத்துண்டில் 330 என்ற எண்ணைக் கண்டால் அது இதுவே. ஜாம் இறுகுவதற்குப் பெத்தினும் சீனியும் மட்டும் போதா, அமிலமும் வேண்டும். வெட்டிய பழம் கறுக்காமல் காக்கவும் உதவும். ஈனோ போன்ற தூளை நீரிலிட்டதும் பொங்குவது சித்திரிக்கமிலமும் சோடியம் இருகாபனேற்றும் தாக்கமுறுவதால். தாத்தாரிக்கமிலத்தின் உப்பு பேக்கிங் பவுடர் வகைகளில் சேர்கிறது. பித்தளை விளக்கைப் பழப்புளி போட்டு மினுக்குவதும் இவ்வமிலத்தின் வேலைதான். அலுமினியப் பாத்திரத்தில் ஊறுகாயை வைக்காது சாடியில் வைப்பதன் காரணத்தையும் இதனுடன் சேர்த்து எழுதலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டவர்க்கு நெருக்கமான பயன் ஒன்றுண்டு. எமது கிணற்று நீர் சுண்ணாம்புக்கற் பாறையூடாக வருவதால் வன்னீர். கேத்திலின் அடியில் படியும் வெண்படை கல்சியம் காபனேற்று. சித்திரிக்கமிலத் தூளை இளஞ்சூட்டு நீரில் கரைத்து ஊறவிட்டால் அது நுரைத்துக் கரையும். கொதிக்கவைத்தல் ஆகாது. மேலே கூறிய காரணத்தால் கல்சியம் சித்திரேற்று மீண்டும் படிந்துவிடும்.

கல்சியத்தின் மீதான இதே பற்று மனித உயிரையும் காக்கிறது. இரத்தம் உறைவதற்குக் கல்சியம் அயன் தேவை. சோடியம் சித்திரேற்று அதனைப் பிடித்துவைத்தால் இரத்தம் உறையாது. 1914 இல் இவ்வுண்மை குருதிமாற்றீட்டில் பயன்படுத்தப்பட்டது. இன்று இரத்ததான முகாமில் குருதி சேர்க்கும் பையினுள் முன்னரே இருக்கும் சிறிதளவு திரவத்தில் சித்திரேற்று உண்டு.

ஒரு தடுமாற்றத்தையும் நீக்கிக்கொள்க. மாலுமிகளின் முரசுகரைதல் நோயைத் தோடம்பழமும் எலுமிச்சையும் மாற்றுகின்றன என 1747 இல் ஜேம்ஸ் லிண்ட் 12 பேரிடம் சோதித்துக் காட்டினார். மாற்றியது சித்திரிக்கமிலம் அன்று, அப்பழங்களிலுள்ள விற்றமின் சி ஆகும். அதன் பெயர் அசுக்கோபிக்கமிலம். இரண்டும் ஒன்றென எழுதி ஆண்டுதோறும் புள்ளி இழப்போர் உளர்.

முதலாம் உலகப்போர் இத்தாலிய வழங்கலைக் குலைத்தது. 1917 இல் அமெரிக்கரான ஜேம்ஸ் கறி, அஸ்பேகிலஸ் நைகர் என்னும் பங்கசு வெல்லக் கரைசலில் வளரும்போது பெருமளவு சித்திரிக்கமிலத்தைச் சுரப்பதைக் காட்டினார். 1919 இல் பைசர் நிறுவனம் நியூயோர்க்கில் இம்முறையிலான உற்பத்தியைத் தொடங்கியது. எமது வெங்காயச் செய்கையாளர் இப்பங்கசை நன்கு அறிவர். சேமித்த வெங்காயத்தின் தோலில் கரித்தூள்போலப் படர்வது இதுவே. இன்று ஆண்டொன்றில் 20 இலட்சம் தொன்னுக்கும் மேற்பட்ட சித்திரிக்கமிலம் உற்பத்தியாகிறது. அதில் மிகப் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. தேசிக்காய்க்கும் கடையில் வாங்கும் தூளுக்கும் இப்போது தொடர்பில்லை.

ஆனால் பங்கசு வளர்ந்த கலங்கற் கரைசலிலிருந்து அமிலத்தைப் பிரிக்கும் கட்டத்துக்கு வந்ததும், தொழிற்சாலைகள் பல இன்றும் சுண்ணாம்பைச் சேர்த்துக் கல்சியம் சித்திரேற்றைப் படியச்செய்து, வடித்துக் கழுவி, சல்பூரிக்கமிலத்தால் விடுவிக்கின்றன. கோப்பிங் மருந்துக்கடையில் 1784 இல் நடந்தது இதுவே. ஒரு தொன் அமிலத்துக்கு ஒன்றேகால் தொன்னுக்கும் அதிகமான நீரேறிய கல்சியம் சல்பேற்று கழிவாகச் சேர்வதால், அதனை என்ன செய்வது என்பதே அத்தொழிற்சாலைகளின் இன்றைய தலையிடி.